நீல விளக்கும் வெள்ளைப் புள்ளியும்

சென்னையின் வடபுறத்தில் ரெட்டேரியை ஒட்டிக் கிடக்கும் கொளத்தூரில், கிணற்றடியில் நாலு சிமெண்டுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு வண்ணமீன் வளர்த்துப் பிழைத்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் தகப்பனார் காலத்தில் மீனுக்கு வியாதி வந்தால் அது வந்த தொட்டியோடு போயிற்று. மோலித் தொட்டியில் வெள்ளைப் புள்ளி கண்டால் மோலிகள் செத்தன. ஒரு முழம் தள்ளியிருந்த தொட்டியில் கோல்டு மீன்கள் ஒன்றும் அறியாதவைபோல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஜலப் போக்குவரத்து இல்லாமையே அதற்குக் காரணம் என்கிற அற்ப விஷயத்தை நான் விளங்கிக்கொள்வதற்கு இருபது வருஷ காலமும், தாய்மீனும் குஞ்சுமாக ஆயிரத்துச் சொச்சம் ஏஞ்சல் மீன்களும் செலவாயின.

தகப்பனார் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். சித்திரை மாதத்தில் ஒவ்வொரு தொட்டியையும் முறைபோட்டுக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவிடுவார். வலைகளைக் கூரை ஓட்டின்மேல் விரித்து வைப்பார். "வெயிலைவிடப் பெரிய மருந்து எந்தக் கடையிலடா விக்குது?" என்பது அவருடைய வழக்கமான கேள்வி. 1877-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர், வெயில் பட்ட திரவத்தில் கிருமிகள் விருத்தியாவதில்லை என்பதைப் பரீட்சித்துக் காட்டியிருந்தார்கள் என்பதையும், 1910-இல் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்தில் குடிதண்ணீரைப் புற ஊதாக் கிரணத்தால் சுத்தி செய்யும் ஏற்பாடு நடந்தது என்பதையும் நான் படித்தறிந்தபோது அவர் உயிரோடில்லை. இருந்திருந்தால் அவருடைய கர்வம் தாங்கமுடியாததாகியிருக்கும். ஆனால் கிருமியை மிக நன்றாகக் கொல்லும் 254 நானோமீட்டர் கிரணம் நம் வெயிலில் இல்லை. ஆகாயத்து ஓசோன் அதை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆகவே தகப்பனாருடைய சித்திரை வைத்தியத்தில் பெரும்பங்கு உலர்ந்துபோனதற்கும் சூட்டுக்கும் உரியது என்பதே நியாயமான கணக்கு.

நான் தலையெடுத்தபின் தொழிலை விஸ்தரிக்கும் ஆசையில், மாடியில் ஒரு கொட்டகை போட்டு, இரும்புச் சட்டத்தில் மூன்று அடுக்காக இருபத்துநான்கு கண்ணாடித் தொட்டிகளை ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் எண்பது லிட்டர். எல்லாத் தொட்டிகளின் வழிநீரும் ஒரே குழாயில் இறங்கிக் கீழேயுள்ள வடிகட்டித் தொட்டியை அடையும். அங்கே பஞ்சிலும் சரளைக் கற்களிலும் புகுந்து தெளிந்து, பம்பின் வழியே மறுபடி மேலேறி எல்லாத் தொட்டிகளுக்கும் பங்காகும். தண்ணீர் மாற்றும் வேலை பத்தில் ஒன்றாயிற்று. பார்க்க வந்த உறவினர்களெல்லாம் ஆஸ்பத்திரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மார்கழியில், நிறம் நன்றாயிருக்கிறதே என்று வெளியிலிருந்து வாங்கிய ஒரு ஜோடி கருப்பு ஏஞ்சலைத் தனியே வைத்துப் பாராமல் நேரே ஏழாம் தொட்டியில் விட்டேன். நாலாம் நாள் அவற்றின் முதுகுத் துடுப்பில் ரவை தூவினாற்போல் புள்ளிகள் கண்டன. பத்தாம் நாள் அந்த ரவை இருபத்துநான்கு தொட்டிகளிலும் தூவப்பட்டிருந்தது. நான் கட்டியது மீன்களுக்கு மாத்திரமல்ல, அவற்றின் சத்துருவுக்கும் சேர்த்துப் போட்ட ராஜபாட்டை என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த வெள்ளைப் புள்ளியின் சரித்திரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். அதை அறியாதவனுக்கு, நான் இனிச் சொல்லப்போகும் விளக்கினால் பிரயோஜனமில்லை. நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது ஒரே உயிரணுவாலான ஒரு ஜீவன். அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புதைந்திருந்து தின்று கொழுக்கிறது. அங்கே இருக்கும் வரையில் எந்த மருந்தும் அதை அணுகாது. பருத்தபின் தானாகவே மீனைவிட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ குழாயின் உட்புறத்திலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு, உள்ளேயே இரண்டாய், நாலாய், எட்டாய்ப் பிளந்து, நம் ஊர் உஷ்ணத்தில் ஏறத்தாழ ஒரு நாளைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெடித்து வெளிப்படுகிறது. அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாகவேண்டும், இல்லாவிட்டால் சாகும். இந்தச் சொற்ப அவகாசம் ஒன்றுதான் நமக்கு வாய்த்த சந்தர்ப்பம். மருந்தும், உப்பும், விளக்கும் அந்த நீந்தும் பருவத்தை மட்டுமே தொடமுடியும்.

அந்த வருஷ நஷ்டத்துக்குப் பிறகு ஒரு புற ஊதா விளக்கு வாங்கினேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அதை யூவி என்றே சொல்லுகிறோம். பார்வைக்கு அது ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் ஜலம் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். நடுவே குவார்ட்ஸ் உறைக்குள் ஒரு விளக்கு எரியும். விளக்கின் உட்பொருளில் மர்மம் ஒன்றுமில்லை. வீட்டில் எரியும் குழல்விளக்கிலும் இதே பாதரச ஆவிதான் இதே கிரணத்தை உண்டாக்குகிறது. உட்புறம் பூசிய வெள்ளைப்பொடி அதை வாங்கி வெளிச்சமாக மாற்றிக் கொடுக்கிறது. பொடியை நீக்கிவிட்டுக் கிரணத்தை வெளியே விடும் கண்ணாடியால் செய்தால் அதுவே கிருமிநாசினி விளக்கு. கிருமியின் உடம்பிலுள்ள வம்சாவளிச் சரட்டை அந்தக் கிரணம் முடிச்சுப்போட்டுவிடுவதால் அது மேற்கொண்டு பெருக முடியாமற் போகிறது. ஜலத்தில் குளோரினைப்போல எந்த மிச்சமும் தங்குவதில்லை. விளக்கைக் கடந்த அடுத்த கணமே அந்த நீரில் மீனை விடலாம். வடிகட்டியிலுள்ள நல்ல கிருமிகளையும் இது அழித்துவிடுமோ என்று முதலில் நான் பயந்ததுண்டு. அவை பஞ்சையும் கல்லையும் பற்றிக்கொண்டு வாழ்பவை. விளக்கின் பக்கம் யாத்திரை போவதில்லை.

வாங்கியதைப் பொருத்திய விதத்தில்தான் என் அறியாமை வெளிப்பட்டது. கிரணம் உறைக்கவேண்டுமானால் ஜலம் மெதுவாகப் போகவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பிரதான பம்பு மணிக்கு 2,400 லிட்டர் தள்ளும். அவ்வளவு வேகம் 15 வாட் விளக்குக்கு ஆகாது. ஆகவே வடிகட்டித் தொட்டியில் ஒரு சின்னப் பம்பை வைத்து, அங்கேயே எடுத்து, விளக்கின் வழியே மெதுவாக விட்டு, அங்கேயே கொட்டும்படி செய்தேன். ஒரு மாதத்தில் நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. அந்தத் தெளிவு என்னை நன்றாக ஏமாற்றியது. ஏனெனில் மிதக்கும் பச்சைப் பாசியைத் தொலைப்பது எளிது, வெள்ளைப் புள்ளியின் குஞ்சைத் தொலைப்பது அவ்வளவு எளிதன்று.

என்னிடம் டிஸ்கஸ் மீன் வாங்க வரும் பௌதிக ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்றவர், அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தச் சின்ன பம்பு மணிக்கு எவ்வளவு இழுக்குது?"

"அறுநூறு லிட்டர் சார். மொத்த ஜலம் ரெண்டாயிரத்து நானூறு. நாலு மணி நேரத்துல எல்லாம் ஒரு சுத்து வந்துடும்."

"வராது. சுத்தமானதை அழுக்கோட கலந்துட்டுத் திரும்ப அதுலேர்ந்துதானே எடுக்கறீங்க?"

கையிலிருந்த ரசீதின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினார். கலந்து கலந்து எடுக்கும் ஏற்பாட்டில், மொத்தக் கொள்ளளவு ஒருமுறை ஓடினால் நூற்றில் 63 பங்கு நீர்தான் விளக்கைக் கண்டிருக்கும். எஞ்சியது காணாமலே சுற்றிக்கொண்டிருக்கும். பதினாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்படி செய்ய ஒன்பது மடங்குக்குமேல் ஓட்டவேண்டும். என் பம்புக்கு அது ஒன்றரை நாள் வேலை. அதற்குள் பிரதான பம்பு அதே வடிகட்டித் தொட்டியிலிருந்து, விளக்கைக் காணாத ஜலத்தை, மணிக்கு ஒருமுறை எல்லாத் தொட்டிகளுக்கும் விநியோகித்துக்கொண்டே இருக்கும். "வீட்டுல திருடன் உள்ள வர்ற வாசல்ல காவல்காரனை நிறுத்தாம, கொல்லையில நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றார்.

அன்றே தீர்மானித்து, 55 வாட் விளக்கொன்று வாங்கி, பம்புக்கும் தொட்டிகளுக்கும் நடுவே, மேலேறும் பிரதான குழாயிலேயே பொருத்தினேன். இப்போது ஒரு தொட்டியின் ஜலம் இன்னொரு தொட்டிக்குப் போகவேண்டுமானால் விளக்கைக் கடந்தே தீரவேண்டும். சாதாரணப் பாக்டீரியாக்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 முதல் 30,000 மைக்ரோவாட்-விநாடி போதும். வெள்ளைப் புள்ளியின் குஞ்சுக்கு ஏறத்தாழ 1,00,000 வேண்டும். பாக்டீரியாவுக்கென்று கணக்கிட்டு விற்கும் விளக்கை வாங்கிவிட்டுப் புள்ளி நோய்க்கு ஏன் கேட்கவில்லை என்று கடைக்காரனோடு சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியின்மேல் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது எந்தக் கிருமியை உத்தேசித்து என்று கேட்பவர் சிலர். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் அவரினும் சிலர்.

அதன்பின் மூன்று மார்கழிகள் நிம்மதியாகக் கழிந்தன. ஏதாவதொரு தொட்டியில் புள்ளி கண்டால் அதன் வால்வை அடைத்து, ஹீட்டரால் நீரை 30 டிகிரிக்கு ஏற்றி, உப்பிட்டு, அந்தத் தொட்டியளவிலே வைத்தியத்தை முடித்தேன். விளக்கு அந்தத் தொட்டியின் மீன்களைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உதிர்ந்த இடத்திலேயே வெடித்து, எதிரே வந்த மீனைப் பற்றும் குஞ்சுக்கு விளக்கின் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லை. விளக்கு காப்பாற்றியது மற்ற இருபத்துமூன்றை.

எங்கள் பகுதி நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. எங்கள் வீட்டில் இட்லிப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பூச்சு, குவார்ட்ஸ் உறையின்மேலும் மாதத்துக்கு மாதம் படியும். படிந்தால் கிரணம் வெளிவராது. எலுமிச்சம்பழத்தை இரண்டாய் நறுக்கி, சாறு சொட்டச் சொட்ட உறையில் மெதுவாகத் தேய்த்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் பூச்சு நுரைத்துக்கொண்டு விலகும். விரலால் தடவிப் பார்த்தால் ஈரப் பளிங்கைத் தொட்டாற்போல் வழுக்கவேண்டும், சொரசொரப்பு ஓரிடத்தில் தட்டினாலும் மறுபடி தேய்க்கவேண்டும். ஒரு ஐப்பசியில் அவசரப்பட்டு, ஊறவிடாமல், கத்தி முனையால் சுரண்டினேன். உறை 'டிக்'கென்று ஒரு சத்தத்தோடு நீளவாக்கில் விரிந்தது.

மாற்று உறை வரப் பதினைந்து நாளாகும் என்றார்கள். அதுவரை பொறுக்காமல், பாரிமுனைப் பக்கம் ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான் விற்கும் ஒரு கடையில், சூடு தாங்கும் நல்ல கண்ணாடிக் குழாயாகப் பார்த்து, அளவு கொடுத்து வெட்டி, ஒரு முனையை அடைக்கச் செய்து கொண்டுவந்தேன். ரப்பர் வளையம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. விளக்கைப் போட்டேன், முன்போலவே நீலமாக எரிந்தது. குவார்ட்ஸ் உறையின் விலையில் ஐந்தில் ஒன்றுகூட ஆகவில்லையே என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, வரவிருந்த உறை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் பதினோராம் தொட்டியில் புள்ளி கண்டது. வழக்கப்படி வால்வை அடைத்தேன். மூன்றாம் நாள் இரண்டாம் தொட்டியிலும் இருபதாம் தொட்டியிலும் கண்டது; அவை பக்கத்துத் தொட்டிகள்கூட அல்ல. அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அந்த முறை போனவற்றில் எட்டு ஜோடித் தாய்மீன்களும், பட்டாணியளவு வளர்ந்திருந்த அறுநூறு குஞ்சுகளும் அடக்கம்.

ஆசிரியரைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் புதுக்குழாயைக் கழற்றச் சொல்லி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இது எங்க காலேஜ் லாப்ல வர்ற கண்ணாடியாச்சே. இதுக்குள்ள அந்தக் கிரணம் துளிகூட வெளியே வராதே. நீங்க பார்க்கிற நீலம் வெறும் வெளிச்சம், கொல்றது கண்ணுக்குத் தெரியாத பாகம்" என்றார். இரண்டு மாதமாக நான் குழாய்க்குள் ஓர் அலங்கார விளக்கை எரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு காணாததை நிச்சயிக்கும் இதே பிழையை விளக்கின் ஆயுள் விஷயத்திலும் பலர் செய்கிறார்கள். விளக்கு மூன்று வருஷம்கூட நீலமாக எரியும். கிரணமோ சுமார் 8,000, 9,000 மணி நேரத்தில், அதாவது இரவு பகல் எரித்தால் ஒரு வருஷத்தில், போதாமலாகிவிடும். அதனால் நான் எரிவதையும் அணைவதையும் பார்ப்பதில்லை. தீபாவளி கழிந்த மறுநாள் விளக்கை மாற்றிவிடுகிறேன். மாற்றிய தேதியைச் சிவப்புப் பெயிண்டால் குழாயின்மேல் எழுதுகிறேன். மார்கழிக் குளிரில் மீனுக்குத் தெம்பு குறையும் வேளையில் விளக்கு முழுப் பலத்தோடிருக்கவேண்டும் என்பதே தீபாவளிக் கணக்கின் தாத்பரியம்.

அதன் பலத்தை என் கண்ணாலேயே ஒருமுறை அறிந்தேன். எரிகிறதா என்று பார்க்க, இணைப்பைத் துண்டிக்காமலே மூடியைக் கழற்றி, வெளியே இழுத்த விளக்கை இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் இமைக்குள் மணலைக் கொட்டித் தேய்த்தாற்போல் விழித்துக்கொண்டேன். நீர் தாரை தாரையாக வழிந்தது. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. மறுநாள் டாக்டர் கேட்ட முதற்கேள்வி, "வெல்டிங் வேலை பாக்கறீங்களா?" என்பது. இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தேன். இப்போது மூடியைத் தொடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழே வைத்திருந்த சோக் பெட்டி நனைந்து கெட்டபின், அதையும் தலைக்குமேல் ஆணியடித்து மாட்டியாயிற்று.

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் பாதாம் இலையைத் தொட்டியில் போடுவது வழக்கம். மீனுக்கு அது நல்லது என்பது என் அபிப்பிராயமும்கூட. என் மைத்துனர் எட்டு ஃபைட்டர் தொட்டிகளை என் குழாயோடு சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது மறுக்க மனம் வராமல் இணைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் வடிகட்டித் தொட்டியின் ஜலத்தை டம்ளரில் மொண்டு வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்தால் நீர்த்த தேநீர்போலிருந்தது. அந்த மஞ்சள் நிறம் கிரணத்தை உறையைச் சுற்றிய அரை விரற்கடைக்குள்ளேயே விழுங்கிவிடும்; குழாயின் ஓரத்தில் ஓடும் நீருக்கு எதுவும் எட்டாது. மைத்துனரோடு சிறிது மனஸ்தாபம் ஏற்பட்டாலும் ஃபைட்டர்களை அன்றே பிரித்துவிட்டேன். முட்டைக்குப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மெத்திலீன் ப்ளூ இடும்போதும் இதே சங்கடம். சில மருந்துகளோ கிரணம் பட்டுத் தாமே சிதைந்துபோம். ஆகையால் முட்டை பொரிக்கும் தொட்டிகளை நான் பொதுக்குழாயில் சேர்ப்பதேயில்லை.

சமீபத்தில் செங்குன்றம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். முப்பது தொட்டி போட்டிருக்கிறானாம். யூவி எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டான்.

"தீனி என்னப்பா போடறே?"

"புழுதாண்ணே. கால்வாயில அள்ளிட்டு வர்றவங்ககிட்ட வாங்கறேன்."

டுபிஃபெக்ஸ் என்னும் அந்தச் செம்புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. அதை இரண்டு நாள் ஓடும் நீரில் வைத்துக் கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அது விளக்கைக் கடந்து வருவதில்லை, கையால் நேரே தொட்டிக்குள் போகிறது.

"வலை எத்தனை வச்சிருக்கே?"

"ஒண்ணுதாண்ணே. பெருசு."

"முப்பது தொட்டிக்கும்?"

அவன் பேசாமலிருந்தான். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் வலையையும் புழுவையும் பற்றியே கேட்கிறானே கிழவன் என்று நினைத்திருக்கவேண்டும். டீயைப் பாதி வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டான். அடுத்த வாரம் மறுபடி வந்தான். வண்டியின் கைப்பிடியில் ஒரு பையில் பத்துச் சின்ன வலைகள் தொங்கின. அடுக்குக்கு மூன்றென்றும், மிச்சமொன்று நோய்த் தொட்டிக்கென்றும், உபயோகித்ததை பெர்மாங்கனேட் வாளியில் போட்டு எடுப்பதாகவும் சொன்னான். அவனை மாடிக்கு அழைத்துப்போய், பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, குவார்ட்ஸ் உறையை முதலில் அவன் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அலமாரியிலிருந்து அந்தப் பாரிமுனைக் குழாயையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானேண்ணே இருக்குது?" என்றான்.

"ஆமாம்" என்றேன். அப்புறம் உட்கார்ந்து அவனுடைய பம்பின் கணக்கைப் போட ஆரம்பித்தோம்.